விளங்குதல்: யாழ்ப்பாணத்து அறிதற்சொல் ஒன்றின் வரலாறு

ஒன்றை மனம் எட்டுவதைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அறி, உணர், தெரி, தெளி, தேர், ஓர் ஆகியவை பழைய நூல்களிலேயே உண்டு. இத்தனை சொற்கள் இருந்தாலும் ஒவ்வொரு வட்டாரமும் அன்றாடப் பேச்சுக்கு ஒன்றையே முன்னிறுத்துகிறது. தமிழ்நாட்டில் இன்று அந்த இடம் ‘புரி’ என்பதற்கு. யாழ்ப்பாணத்தில் ‘விளங்கு’ என்பதற்கு. சென்னையில் ‘புரியல’ என்பதைப் பருத்தித்துறையில் ‘விளங்கேல்லை’ என்பார்கள். யாழ்ப்பாணத் தமிழ் பழமை பேணும் தமிழ், அதனால்தான் இந்த வேறுபாடு என்று வழக்கமாகக் காரணம் சொல்லப்படும். அது பாதியளவே பொருந்தும். சொல் பழையதுதான். ஆனால் அது குடாநாட்டில் அசையாமல் நின்றதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் பெருங்காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொற்களின் வயதைப் பார்க்க வேண்டும். பழைய இலக்கியத்தில் ‘புரி’ என்பது முறுக்குதல், விரும்புதல், செய்தல் ஆகிய பொருள்களில் வழங்கியது. வலம்புரி, முப்புரிநூல், அருள்புரிதல் ஆகிய ஆட்சிகளில் அந்தப் பொருள்கள் இன்றும் வாழ்கின்றன. ஐந்தாம் குறளில் வரும் ‘புரிந்தார்’ என்பதற்குப் பரிமேலழகர் பொழிப்பில் விரும்பினார் என்று பொருள் கொண்டார். ‘விளங்கு’ என்பதற்கும் அறிதல் முதற்பொருள் அன்று. ஒளிர்தலே அதன் முதற்பொருள். விளக்கு என்ற பெயர் அதற்குச் சான்று. ஆகவே இரண்டு வட்டாரங்களுமே வேறு பொருளுடைய வினையை அறிதலுக்கு ஆக்கிக்கொண்டவைதாம். ஒன்றைத் தூயது என்றும் மற்றதைத் திரிந்தது என்றும் தரம் பிரிக்க இங்கே இடமில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒளிர்தலிலிருந்து பொருள் தெளிவாதலுக்கு ‘விளங்கு’ நகர்ந்தது இலக்கணக் கல்விக்கு உள்ளேயே பதிவாகியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூலில் பவணந்தி நூலுக்குரிய அழகுகள் பத்தைச் சொல்கிறார். ‘விளங்க வைத்தல்’ அவற்றுள் இரண்டாவது.

நன்னூல் குடாநாட்டில் சில புலவர் வீடுகளோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க மிஷன் 1816 முதல் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் முதலிய ஊர்களில் பள்ளிகளைப் பரப்பியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவம், சைவம் என எதிரெதிரே நின்ற இந்த இரு முகாம்களும் தமிழை முறையாகக் கற்பிப்பதில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1842இல் மானிப்பாயில் 58,500 சொற்களோடு அச்சேறிய தமிழ் அகராதியில் நல்லூரிலிருந்த யோசப் நைற் தொடங்கிவைத்த தொகுப்பும், உடுவில் சந்திரசேகர பண்டிதரின் புலமையும், லீவை ஸ்போல்டிங்கின் உழைப்பும் சேர்ந்தன. அந்தத் தொகுப்பு மரபின் தொடர்ச்சியாக 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றபோது அங்கே சூடாமணி நிகண்டை உரையோடு பதிப்பித்தார். நன்னூலுக்கும் உரை கண்டார். நிகண்டு ஒருபொருட் பன்மொழிகளைச் செய்யுளில் அடுக்கி மனப்பாடமாக்கித் தரும். அகராதி ஒவ்வொரு சொல்லையும் தனியே நிறுத்தி இதற்கு என்ன பொருள் என்று கேட்கும். ஒரே தலைமுறையின் கைக்கு இரண்டும் அச்சில் வந்தன. பொருள் சொல்வதும் பொருள் கேட்பதும் சிற்றூர்ப் பிள்ளையின் அன்றாட வேலையாயின. அந்த வேலைக்குரிய வினை ‘விளங்கு’.

இதே போக்கின் உச்சம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் நடத்திய மருத்துவக் கல்வி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட, கிராமங்களுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. 1864 முதல் அவர் தமிழில் கற்பித்தார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அங்காதிபாதம் (உடற்கூற்றியல்), சுகரணம் (உடற்றொழிலியல்) போன்ற வடசொற்கள் ஊர்மக்களுக்கு எளியவையா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலைச்சொற்களில் பல கடினமானவைதாம். ஆனால் அவற்றைச் சூழ்ந்திருந்த உரைநடையும் வகுப்பறைப் பேச்சும் தமிழ். குருதி எப்படி ஓடுகிறது என்பதைத் தமிழ் வாக்கியத்தால் விளக்க முடியும் என்று அந்தக் கல்வி காட்டியது. இந்தத் துணிவை நமது கல்வி வரலாறு இன்னும் போதிய அளவு மதிக்கவில்லை.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மட்டக்களப்பிலும் இலங்கை முஸ்லிம்களின் பேச்சிலும் ‘விளங்கு’ வழங்குகிறது. மானிப்பாய் அச்சுக்கூடத்துக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் இச்சொல்லைப் படைக்கவில்லை. அது பரவலாக முன்பே இருந்தது. தமிழ்நாட்டிலும் இருந்தது, எழுத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சில் ‘விளங்குதல்’ உருப்படுதலின் பக்கம் சாய்ந்தது. ‘விளங்கமாட்டான்’ என்றால் வாழ்வில் முன்னேறமாட்டான் என்ற வசை. நன்னூல் அங்கும் படிக்கப்பட்டதே என்பது அடுத்த மறுப்பு. படிக்கப்பட்டதுதான். ஆயினும் அந்தப் பெருநிலத்தில் இலக்கணக் கல்விக்கும் ஊர்ப்பேச்சுக்கும் இடையே இருந்த தூரம், நெருங்கிய ஊர்களைக் கொண்ட சிறிய குடாநாட்டில் இல்லை. இங்கே சட்டம்பியார் (பள்ளி ஆசிரியர்) பாடத்தில் சொன்ன சொல் மாலையில் வேலி கடந்து வீட்டுக்கு வந்தது.

வந்த சொல் தனியே நிற்காமல் கிளைத்தது. பொறுப்பறியாத பிள்ளைக்கு ‘விளக்கம் காணாது’ என்பார்கள். மறைந்திருந்த சூழ்ச்சி சட்டென்று மனத்தில் பட்டால் ‘ஓடி வெளிச்சது’ என்பார்கள். இரண்டும் ஒளியின் பாற்பட்டவை. ‘பிடிபடேல்லை’, ‘மட்டுக்கட்டேல்லை’ போன்ற கை, அளவு சார்ந்த வழக்குகளும் உண்டெனினும் அவை ஒளிச்சொற்களை விலக்கவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது ‘விளங்கப்படுத்து’. ‘நான் அறிந்தேன்’ என்பதில் அறிபவரே எழுவாய். ‘எனக்கு விளங்கேல்லை’ என்பதிலோ பாடம் எழுவாய், பிள்ளை அதைப் பெறுபவர். ‘எனக்குப் புரியவில்லை’ என்பதன் அமைப்பும் இதுவே, ‘புரிய வை’ என்ற ஏவலும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘விளங்கப்படுத்து’ ஒரு தொழிற்சொல்லாகவே உறைந்துவிட்டது. ஆசிரியரின் திறமையை ஊரார் அளப்பது ‘அவர் நல்லா விளங்கப்படுத்துவார்’ என்ற வாக்கியத்தால்தான். பவணந்தி நூலுக்கு வகுத்த அழகு இங்கே ஆசிரியருக்குரிய கடமையாகியிருக்கிறது.

இன்று நிலைமை மாறுகிறது. பரீட்சைத் தாளில் இதே திறனுக்குக் ‘கிரகித்தல்’ என்று பெயர். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்பாட்டைப் ‘புரிந்துணர்வு உடன்படிக்கை’ என்றே செய்தித்தாள்கள் எழுதின. திரைப்படமும் தொலைக்காட்சியும் ‘புரி’யை இளையோர் நாவில் வைத்துவிட்டன. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. செய்ய வேண்டிய வேலை வேறு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளைக் குறித்துக் காட்டியது நல்ல தொடக்கம். அடுத்து வேண்டியது ஆண்டு வாரியாகச் சான்று காட்டும் யாழ்ப்பாண வழக்ககராதி. 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழ்களையும், கிறீனின் நூல்களையும், நாவலரின் வசனங்களையும் வரிவரியாகத் தேடினால் இங்கே சொன்ன வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று சோதிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் தமிழும் கற்கும் மாணவர்கள் இப்பணியை எடுத்துக்கொள்ள வேண்டும்; முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்வதையும் அதனோடு சேர்த்து இப்போதே தொடங்க வேண்டும்.