ஈயக் கோடு

பள்ளி ஆண்டு மலருக்கு ஓவிய வகுப்பின் கதையை எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியர். அந்த வகுப்புக்குத் தனி அறையே இருந்ததில்லை. மேற்குப் பார்த்த வராந்தாதான். ஆனால் சாயங்கால வெயில் காவிரிக்கு அந்தப் பக்கமிருந்து நேராக உள்ளே விழும். அதை நம்பித்தான் ஒரு ஆண்டு விழாவுக்கு வண்ண ஜன்னல் செய்தோம். கறுப்பு சார்ட்டில் கட்டம் வெட்டி, பின்னால் ஜெலட்டின் தாள் ஒட்டினோம். அழகாக இருக்கட்டும் என்று கோட்டை மெலிசாக வெட்டிய பையனின் பகுதி, விழாவன்று காலையிலேயே கிழிந்து தொங்கியது.

மாதிரிக்கு நான் காட்டியது கல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்கு ஜன்னல் படம். 1872இல் அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவாக 1880இல் வைத்தது. வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். இந்தியாப் பக்கமே வராத மனிதர். ஆனால் பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங், இவர் மனைவியின் அக்காள் மகன்.

1833இல் பர்மிங்காமில் பிறந்தார். அப்பா படத்துக்குச் சட்டம் போட்டு முலாம் பூசுகிறவர். பாதிரியாராகப் போவதாகத்தான் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். அங்கே 1853இல் கிடைத்த வில்லியம் மோரிஸின் சிநேகம் திசையை மாற்றிவிட்டது. 1861இல் மோரிஸும் நண்பர்களும் கம்பெனி தொடங்கியது முதல் 1898இல் சாகும்வரை அதற்கு வண்ண ஜன்னல்கள் வரைந்து கொடுத்தார். கூலி போதவில்லை என்று கணக்குப் புத்தகத்திலேயே கிண்டலாக எழுதி வைப்பாராம்.

கண்ணாடி வெட்டுவது இவர் வேலையல்ல. முழு அளவில் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிடுவார். நிறம் பெரும்பாலும் மோரிஸின் பொறுப்பு. வெட்டுபவர், முகமும் துணி மடிப்பும் தீட்டிச் சூளையில் சுடுபவர், ஈயப் பட்டையில் கோத்துப் பற்றவைப்பவர் எல்லாம் வேறு ஆட்கள். இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுகிறவரும் இப்படித்தானே: கட்டத்தாளில் போட்டதோடு சரி, தறிக்குத் துளை அட்டை அடிப்பவர் ஒருவர், தறியில் உட்காருபவர் இன்னொருவர். ஆனாலும் ஈயம் எந்த வழியாக ஓடும் என்று தெரியாதவன் வரைந்தால் ஜன்னல் நிற்காது. அது ஓரக்கோடு மட்டுமல்ல, பாரம் தாங்கும் எலும்பும் அதுதான். எங்கள் பையனுக்கு இது கிழிந்த பிறகு புரிந்தது, எனக்கும்தான்.

கண்ணாடியில் மஞ்சள் வர வெள்ளிச் சேர்மம் பூசிச் சுடுவார்கள், வெயிலில் வெளுக்காது. எங்கள் மஞ்சள் ஜெலட்டின் இரண்டே மாதத்தில் வெளுத்துப் போனது. சட்டத்தை மட்டும் கழற்றி அடுத்த விழாவுக்கு எடுத்து வைத்தோம். இந்த முறை கோடு விரல் அகலம்.