ஐம்பது ஹேர்ட்ஸ் மாரியோ

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே ஏ3 வீதியில் இருக்கும் மதுரங்குளி போன்ற ஊர்களுக்கு ‘டிவி கேம்’ என்று வந்து சேர்ந்தது நின்டெண்டோவின் பெட்டி அல்ல, அதன் நகல். 1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, 1979இல் தொலைக்காட்சி வந்தது, மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் மின்பொருள்களோடு ஊர் திரும்பினார்கள். 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் இடத்தை இந்தப் பக்கங்களில் பிடித்தவை தைவானிலும் சீனாவிலும் செய்த மலிவான பெட்டிகளே. ஆகவே கைத்தொலைபேசியில் எமுலேட்டர், அதாவது பழைய பெட்டியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள், வைத்துப் பழைய விளையாட்டை ஆடுவதை அசலின் போலி என்று தள்ளுவது இந்தக் கரையின் வரலாற்றுக்குப் பொருந்தாது. இங்கே புழங்கியதே நகல்தான்; அதன் குணத்தைக் காத்து வைத்திருப்பது எமுலேட்டர்.

இலங்கைத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. விநாடிக்கு 50 முறை திரை வரையும். ஜப்பானிய ஃபேமிகாம் வரைவதோ 60. பால் நாடுகளுக்கென்று தைவானின் யுஎம்சி நிறுவனம் செய்த நகல் சில்லுகள், ஜப்பானியக் கேசட்டுகள் பிசகாமல் ஓடும்படி உள்கணக்கைச் சரிசெய்தன. வேகம் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைந்தது: பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, தாளம் தளர்ந்தது. நின்டெண்டோ 2016இல் 30 விளையாட்டுகளோடு விற்ற சிறு பெட்டியில் இந்த வேகம் கிடையாது. தொலைபேசியில் ரெட்ரோஆர்ச் என்ற செயலியைத் திறந்து, அதில் ஓடும் எஃப்சிஇயுஎம்எம் என்ற ஃபேமிகாம் எமுலேட்டரின் அமைப்புகளுக்குள் போனால் ‘டெண்டி’ என்றொரு தெரிவு இருக்கிறது. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர் அது. எமுலேட்டரை எழுதிய எஞ்சினியர்கள் நகலையும் ஒரு தனி இயந்திரமாக மதித்து அளந்திருக்கிறார்கள்.

திருட்டுக்கு வக்காலத்தா என்று கேட்கலாம். எமுலேட்டர் வேறு, விளையாட்டுக் கோப்பு வேறு. சோனி தொடுத்த வழக்கில் 2000இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கோப்புகளுக்கோ பதிப்புரிமை இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டமும் கணினி நிரல்களைக் காக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. கண்ணாடித் திரையில் பொத்தான் தட்டுப்படாது என்பதும் நியாயமான குறை; அதைப் புளூடூத் கட்டுப்பாட்டுக் கருவி தீர்க்கும். பட்டியலில் ஒரே ஆட்டம் பத்துப் பெயரில் திரும்பத் திரும்ப வரும் ‘999 இன் 1’ கேசட்டை மறுவெளியீடு செய்ய எந்த உரிமையாளர் முன்வருவார்? அத்தகைய கேசட்டுகளுக்குள் ஆட்டங்களை மாற்றிக் கொடுத்த சுற்றுகளுக்கும் எமுலேட்டர்காரர்கள் ‘மேப்பர்’ எண்கள் இட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள்.