நோக்கீட்டு அறிவியல்

ஆய்வாளர் தம் விருப்பப்படி மாற்றியமைக்க முடியாதவற்றைப் பார்த்து, அளந்து, பதிவு செய்து அறியும் முறையே நோக்கீட்டு அறிவியல். வானியல், நிலவியல், நோய்ப்பரவலியல் ஆகியவற்றின் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. சோதனை அறிவியலில் சூழலை ஆய்வாளரே அமைக்கிறார். கோட்பாட்டு அறிவியல் கணக்கையும் மாதிரியையும் கொண்டு இயங்குகிறது.

முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டையின் சுற்றுவட்டாரத்திலேயே முதல் இரண்டையும் காணலாம். அருகிலுள்ள ஒரகடத்தில் ஒன்றிய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. மோதல் சோதனைகளில் வேகமும் மோதும் பரப்பும் முன்கூட்டியே வரையறுக்கப்படும். கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் முறையில் காரின் முகப்பில் 40 விழுக்காடு மட்டும் தடுப்பில் படும்படி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிடுவார்கள். ஐயம் எழுந்தால் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றி, இன்னொரு காரை மோதவிட்டுப் பார்க்கலாம்.

இதே வட்டாரத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறைகளில் அந்த வசதி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இவற்றை ஆராய்ந்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். மெல்லிய அடுக்கைப் பிளந்தால், நடுக்காம்பின் இருபுறமும் குறுகிய சிற்றிலைகள் நெருங்கி நிற்கும் டிலோபில்லம் இலைத் தடம் தெரியும். சைக்கசை ஒத்த, அழிந்துபோன தாவரம் அது. இதே அடுக்குகளில் கடல்வாழ் அம்மோனைட்டுகளும் கிடைத்தன. நிலத்து இலையும் கடல் உயிரியும் ஓரிடத்தில் படிந்திருப்பதால், தொடக்கக் கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கரையோரக் கடல் இருந்தது என்ற முடிவு கிடைக்கிறது. அந்தக் கடலை யாரும் மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடியாது. தனித்தனிச் சான்றுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதே இங்குச் சோதனையின் இடத்தை நிரப்புகிறது.

நோக்கீடு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அன்று. 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வளிமம் பரப்பையொட்டி வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அவர் விளக்கம். அது சரியென்றால், புள்ளி சூரிய வட்டின் மையத்தில் இருக்கும்போது பெயர்ச்சி மறைந்து, விளிம்பை நெருங்கும்போது வலுக்க வேண்டும். அவ்வாறே இருந்தது. சூரியனின் சுழற்சியே அவருக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்து தந்தது.

ஒன்றாக நிகழும் இரண்டில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது நோக்கீட்டில் கடினம்; சோதனையின் வலிமை அங்கேதான் இருக்கிறது. அதற்காக நோக்கீட்டைத் தரம் குறைந்ததாகக் கருதுவது தவறு.

சோதனையைத் திரும்பச் செய்யலாம். வெட்டியெடுக்கப்பட்ட பாறை அடுக்கைத் திரும்பப் பெற முடியாது. தொழிற்சாலைகளுக்கு அடித்தளம் தோண்டும் இந்தப் பகுதியில், குழியை மூடும் முன் அதன் அடுக்குகளைப் படமெடுத்து, அளந்து பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.