லேபிள் மாறிய பாட்டில்

காலையில் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுக்கிறீர்கள். அடுப்பில் ஏற்றுகிறீர்கள். டிகாக்‌ஷன் இறங்குகிறது. அந்த நேரத்தில் என்றைக்காவது, இந்தப் பாலைக் கொடுத்த பசுவின் அப்பா யாராக இருக்கும் என்று யோசித்தது உண்டா?

சிரிக்காதீர்கள். அது ஒரு பெரிய கதை. அநேகமாக அந்தப் பசு தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. விசேஷம் என்னவென்றால், அதன் அம்மாவும் பார்த்திருக்காது! கிராமத்தில் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: சினை ஊசி.

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு பொலி காளை இருக்கும். சுற்றுவட்டாரத்துப் பசுக்கள் எல்லாம் அதனிடம்தான் போயாக வேண்டும். எப்பேர்ப்பட்ட காளையாக இருந்தாலும் வருஷத்துக்கு ஐம்பது, நூறு கன்றுகளுக்கு அப்பாவாக முடியும். அவ்வளவுதான். இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரு பசுவிடம் இருந்த நோயைக் காளை வாங்கி, அடுத்த பசுவிடம் பத்திரமாக ஒப்படைத்துவிடும். ஐரோப்பாவில் டிரைகோமோனாஸ் என்ற கிருமி இப்படித்தான் பரவி, பசுக்கள் சினை பிடிக்காமலும் பிடித்த சினை கலைந்தும் விவசாயிகளைப் பாடாய்ப் படுத்தியது.

காளை இல்லாமலே பசுவைச் சினையாக்க முடிந்தால்?

இதற்கான வழியை முதலில் காட்டியவர் ஒரு பாதிரியார்! இத்தாலியைச் சேர்ந்த லாசரோ ஸ்பல்லன்ஸானி. மதகுரு, கூடவே தீவிரமான விஞ்ஞானி. 1780-ல் ஒரு பெண் நாய்க்கு ஊசிக்குழல் மூலம் விந்தைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். 62-வது நாள் மூன்று குட்டிகள் பிறந்தன. பனியில் வைத்துக் குளிர்வித்த விந்தணுக்கள் அசைவற்றுக் கிடப்பதையும், சூடு பட்டதும் மறுபடி நீந்துவதையும்கூட அவர் பார்த்துவிட்டார். அந்தச் சின்னத் தகவலின் அருமை புரிய இன்னும் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இலியா இவானோவ் இதைக் குதிரைகளிடமும் மாடுகளிடமும் பெரிய அளவில் செய்து காட்டினார். 1936-ல் டென்மார்க்கின் சாம்ஸோ என்ற குட்டித் தீவில் விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். முதல் வருஷம் 1,070 பசுக்களுக்குச் சினை ஊசி. நூற்றுக்கு 59 பசுக்கள் சினை பிடித்தன. 1939-ல் நம் பக்கத்து மைசூரில், அரண்மனைப் பால் பண்ணையிலும் இந்த முயற்சி நடந்தது.

விந்தை எதில் அடைத்து வைப்பது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு கதை சொல்வார்கள். எட்வர்ட் சோரன்சன் என்ற விஞ்ஞானி தன் மகளின் பிறந்த நாள் விருந்தில், குழந்தைகள் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் உறிஞ்சுவதைப் பார்த்தாராம். 'அட, நமக்கு வேண்டியது இதுதானே!' என்று தோன்றிவிட்டது. நம்ம ஊர் கால்நடை மருந்தகத்தில் இன்றைக்கு 'உறைவிந்து குச்சி' என்கிறார்களே, அதற்கு முன்னோடி அந்த ஜூஸ் ஸ்ட்ராதான்.

எல்லாம் சரி, விந்து கெடாமல் இருக்க வேண்டுமே? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து பார்த்தார்கள். அதைக் குளிர்ச்சியாக வைத்தால் மூன்று, நான்கு நாட்கள் தாங்கியது. அதற்கு மேல் இல்லை. உறைய வைத்தாலோ உள்ளே ஐஸ் பிடித்து விந்தணுக்கள் செத்துப் போயின.

இந்த இடத்தில்தான் நம் பாட்டில் வருகிறது.

லண்டனில் மில் ஹில் என்ற இடத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே கிறிஸ்டோபர் போல்ஜ் என்ற இளைஞர், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோருடன் சேர்ந்து சேவலின் விந்தணுக்களை உறைய வைக்கும் முயற்சியில் இருந்தார். ஒருவகைச் சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. வெறுத்துப் போய் பாட்டிலைக் குளிர் அறையில் வைத்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, அதே பாட்டிலை எடுத்து மறுபடி ஒரு முயற்சி. மைனஸ் 79 டிகிரி வரை உறைய வைத்து, பிறகு இளக்கிப் பார்த்தால்... விந்தணுக்கள் ஜோராக நீந்துகின்றன!

சந்தோஷத்தில் புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்தார்கள். ஊஹூம், பழைய குருடி கதைதான். அந்தப் பழைய பாட்டிலுக்கு மட்டும் என்ன மந்திரசக்தி? அடியில் கொஞ்சமே கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஒரு வேதியியல் நிபுணரிடம் கொடுத்தார்கள். அவர் சோதித்துவிட்டு, "இதில் சர்க்கரையே இல்லை. கிளிசரினும் புரதமும்தான் இருக்கிறது" என்றார்.

நடந்தது இதுதான். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் துண்டில் திசுக்களை ஒட்டுவதற்காக, முட்டையின் வெள்ளைக் கருவையும் கிளிசரினையும் கலந்து வைத்திருப்பார்கள். அந்த பாட்டிலுக்கும் சர்க்கரை பாட்டிலுக்கும் லேபிள் மாறிவிட்டது! சினிமாவில் கண்ணில் விட்டுக்கொண்டு அழுவார்களே, அதே கிளிசரின், உறைபனியில் உயிரைக் காப்பாற்றும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. 1949-ல் கட்டுரை வெளியானபோது போல்ஜுக்கு வயது 23 தான்.

சேவலுக்கு அடுத்தது காளை. 1950-களின் தொடக்கத்திலேயே உறைவிந்தில் கன்றுகள் பிறந்தன. கொஞ்ச காலத்தில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனும் கைக்கு வந்துவிட்டது. அதில் போட்டு வைத்தால் வருஷக் கணக்கு எல்லாம் கிடையாது. காளை செத்துப் போகலாம். அதன் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கும்! ஒரு தடவை எடுக்கும் விந்தில் சில நூறு குச்சிகள் நிரப்பலாம். இந்தியாவுக்கும் இந்த வித்தை வந்தது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் டென்மார்க் உதவியோடு உறைவிந்து நிலையம் எழுந்தது.

இப்போது இந்தக் கதையின் நாயகனைச் சந்தியுங்கள். 1962-ல் அமெரிக்காவில் ஒரு ஹோல்ஸ்டீன் காளைக் கன்று பிறந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் படம் போட்ட மாடு என்று சொல்வோமே, அந்த இனம். பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்று ராஜபரம்பரை மாதிரி நீளமான பெயர். சுருக்கமாக, சீஃப். அதன் பெண் பிள்ளைகள் பாலைக் கொட்டின. பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சீஃபின் குச்சி எங்கே, எங்கே என்று தேடி வாங்கினார்கள். மகள்கள் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப் பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல்! அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 14 சதவீதம் இந்த ஒரே காளையிடமிருந்து வந்தது.

சீஃபிடம் ஒரு ரகசியம் இருந்தது. சீஃபுக்கே தெரியாத ரகசியம்.

உயிரினங்களுக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும். அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. சீஃபிடம் ஒரு மரபணுவின் ஒரு பிரதியில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இன்னொரு பிரதி நன்றாக இருந்ததால், காளைக்கு எந்தக் குறையும் இல்லை. பிழையை வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கும் குறை இல்லை. ஆனால் பேரனும் பேத்தியும், அவற்றின் வாரிசுகளும் ஒன்றோடொன்று சேரும்போது? இரண்டு பக்கமும் பிழையான பிரதியே வந்து வாய்த்த கரு, வயிற்றுக்குள்ளேயே இறந்துவிடும்.

பண்ணைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? சினை நின்ற மாடு திடீரென்று மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். 'ஊசி சரியில்லை', 'தீனி சரியில்லை', 'வெயில் ஜாஸ்தி' என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வார். அடுத்த ஊசி போடுவார். அந்த ஊசியிலும் சீஃபின் வாரிசுதான் இருக்கும்!

துப்புத் துலங்கியது 2011-ல். அமெரிக்க விவசாயத் துறையில் பால் வான்ரேடன் என்ற விஞ்ஞானியின் குழு, பல்லாயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளை அலசிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி இந்த ரக மாடு இத்தனை இருக்க வேண்டும், அந்த ரகம் இத்தனை இருக்க வேண்டும். ஒரு ரகம் மட்டும், தேடத் தேட, ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஆப்சென்ட்! வராமல் போகவில்லை, அவை பிறக்கவே இல்லை. அந்தத் துண்டின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டே பின்னால் போனார்கள். போய் நின்ற இடம்... சீஃப்.

இன்னொரு வேடிக்கை. பிழை இருந்த மரபணுவின் வேலையே, வேண்டாத செல்களை ஒழுங்கு முறையாகச் சாகச் செய்வது. கரு சரியாக உருவாக, சில செல்கள் நேரத்துக்குச் செத்தாக வேண்டும். அவை சாக மறுத்தால் கரு பிழைக்காது.

2016-ல் வெளியான ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. இந்த ஒரு பிழையால் உலகம் முழுக்கக் கலைந்த சினைகள் சுமார் 5,25,000. நஷ்டம் 42 கோடி டாலர். கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது. சீஃபின் வாரிசுகள் 35 வருஷத்தில் கூடுதலாகக் கறந்த பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர்!

'அப்புறம் என்ன, லாபம்தானே?' என்று கேட்கலாம். கணக்குப் பிள்ளை அப்படித்தான் எழுதுவார். ஆனால் லாபம் எல்லோருக்குமாகப் பரவியது. நஷ்டம் யார் கொட்டிலில் விழுந்ததோ, அவருக்கு மட்டும். கன்று போட்டால்தான் பால். ஒரு சினை கலைந்தால் பல மாதத் தீனி தண்டம். காரணம் தெரியாமல் அதைச் சுமந்தவர்கள் எத்தனை பேர்!

நல்ல வேளை, மருந்தும் நோயோடு சேர்ந்தே கிடைத்தது. இன்றைக்குக் காளையைச் சோதித்துப் பார்த்து, பிழை உள்ள இரண்டு மாடுகள் இணையாமல் தவிர்க்க முடிகிறது. எந்த மாட்டையும் ஒழிக்க வேண்டியதில்லை.

ஆனால் பயம் முழுசாகத் தீரவில்லை. 2015-ல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் பொலி காளைகளின் தந்தை வழியைத் தேடினார்கள். ஏறத்தாழ அத்தனையும் இரண்டே காளைகளிடம் போய் முடிந்தது. ஒன்று சீஃப், இன்னொன்று எலிவேஷன். மற்ற தந்தை வழிகள் எல்லாம் உபயோகத்திலிருந்தே அழிந்துவிட்டன. சீஃபிடம் ஒளிந்திருந்தது ஒரு பிழை. இன்னும் கண்ணில் படாதவை எத்தனை?

அப்புறம் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்டு மரபணு வங்கியில் தேடினார்கள். 1950-களில் வாழ்ந்த கத்பர்ட் என்ற காளையின் உறைவிந்து அங்கே இருந்தது. சீஃப் பிறப்பதற்கு முந்தைய காலம். யாரும் சீந்தாமல், நைட்ரஜனுக்குள் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் மறைந்துபோன இன்னொரு வம்சத்துக் காளையின் விந்தையும் எடுத்து, இன்றைய பசுக்களின் கருமுட்டைகளோடு சேர்த்தார்கள்.

2017-ல் கன்றுகள் துள்ளிக்கொண்டு பிறந்தன. தொலைந்துபோன வம்சம் திரும்பி வந்தது. இத்தனை வருஷம் அந்த விந்து தாக்குப்பிடித்தது எப்படி என்கிறீர்களா? எல்லாம் லேபிள் மாறிய அந்த பாட்டிலின் கிளிசரின் மகிமை!