மூன்றாவது கை: திருவண்ணாமலையும் மின்சார மேளமும்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 'ஹவுஸ் ஆன் தி ராக்' என்று ஒரு விசித்திரமான இடம் இருக்கிறது. 1960-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே அறை அறையாகத் தானே வாசிக்கும் இசை இயந்திரங்கள். டோக்கன் போட்டால் டிரம் அடிக்கும், பியானோ வாசிக்கும். நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரத்தில் ஒரு பழைய தேவாலயத்துக்குள்ளேயே இந்த மாதிரி இயந்திரங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் நடக்கிறது. ரெண்டுக்கும் டிக்கெட் உண்டு.

நம்ம ஊரில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரம் டிக்கெட் இல்லாமல் கோவில் சுவரோரம் நிற்கிறது. அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் டம டம, டண டண என்று கிளம்புமே, அதே மின்சார மேளம்தான்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அஷ்டலிங்கங்கள் தவிர வழியில் சின்னச் சின்னக் கோவில்கள் நிறைய. அப்படி ஒரு கோவிலில், கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், இந்த மெஷினைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. சமாச்சாரம் ரொம்ப எளிமை. ஒரு மோட்டார். அதிலிருந்து பெல்ட் வழியாகச் சுற்றும் ஒரு இரும்புத் தண்டு. தண்டில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் கேம்கள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு கேமும் தன் முறை வரும்போது ஒரு நெம்புகோலைத் தூக்கி விடும். நெம்புகோல் நுனியில் குச்சி. குச்சி மேளத்தில் விழும், இன்னொன்று சேகண்டியில் விழும், இன்னொன்று மணியை ஆட்டும். எது முதலில், எது அடுத்து என்பதையெல்லாம் கேம்கள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

என் தொழில் மொழியில் சொன்னால், அந்தத் தண்டுதான் புரோகிராம். ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதல் வரி. முடிவில்லாத லூப். நிறுத்த ஒரே வழி, சுவிட்ச்.

இந்த யோசனைக்கு வயசு ஆயிரத்துக்கு மேல். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் பனூ மூசா சகோதரர்கள், முளைகள் அடித்த உருளை ஒன்றைத் தண்ணீர் விசையால் சுற்றவிட்டு, தானே வாசிக்கும் குழல் ஒன்றை விவரித்து எழுதினார்கள். 1206-ல் அல்-ஜசாரி தன் நூலில் ஒரு படகை வரைந்தார். அதில் நான்கு பொம்மைக் கலைஞர்கள். அவர்களில் ரெண்டு பேர் மேளக்காரர்கள். சுழலும் தண்டில் முளைகள், முளை தட்டினால் பொம்மையின் கை அசையும். கிரிவலப் பாதையில் நான் பார்த்த மெஷினுக்கு இவர்தான் முப்பாட்டன். தண்ணீருக்குப் பதில் கரண்ட், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. 1767 செப்டம்பரில் திருவண்ணாமலையில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை இன்னொரு பக்கம் நின்று சண்டை போட்டார்கள். கம்பெனி ஜெயித்தது. அந்த ஹைதரின் மகன் திப்புவிடம் பிற்காலத்தில் ஒரு மரப்புலி இருந்தது. கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன் மேல் புலி பாய்ந்து கவ்வியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி வேலை செய்யும். புலி உறுமும், அவன் அலறுவான், அவன் கை மேலும் கீழும் அசையும். புலியின் விலாவைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட ஒரு சின்ன ஆர்கனும் இருக்கும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, இசை இயந்திரம் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் திப்புவின் புலி ஒரு ராஜாவின் விளையாட்டுப் பொருள். அது யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கோவில் மேளம் அப்படி இல்லை. அது ஒரு வேலை. சம்பளம் எழுதி வைத்த வேலை.

தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாட 48 பேர், கூட உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேருக்கு நிவந்தம் சொல்கிறது. ஆளுக்குத் தினம் 3 குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 91 கலம். பாடுகிறவருக்கும் அதே 3 குறுணி, மத்தளக்காரருக்கும் அதே 3 குறுணி என்பதைக் கவனியுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விதி. இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை வைத்துச் செய்யவேண்டும். அதாவது ஆள் மாறலாம், ஆனால் மத்தளம் வாசிக்கும் இடம் காலியாகக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்து எழுதிய ஏற்பாடு இது.

அந்த மேளம் என்ன செய்தது? வெறும் சத்தம் போடவில்லை, சேதி சொன்னது. பிற்காலத்துப் பெரிய மேள மரபில், அதாவது நாகஸ்வரம் தவில் மரபில், இது இன்னும் தெளிவாகத் தெரியும். சாமி புறப்பாடு என்றால் கம்பீர நாட்டையில் மல்லாரி. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வருகிறதென்றால் தீர்த்த மல்லாரி. நைவேத்தியம் போகிறதென்றால் தளிகை மல்லாரி. தேருக்குத் தனி. விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. தெருக்கோடி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கும் பாட்டிக்கு, எட்டிப் பார்க்காமலே கோவிலில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மின்சார மேளம் சொல்வது ஒரே ஒரு சேதி. தீபாராதனை நடக்கிறது, அல்லது நடக்கவில்லை. ஒன்று அல்லது பூஜ்யம். கம்ப்யூட்டர் கணக்கில் ஒரே ஒரு பிட். ஒரு ஊரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த ஒரு மொழி, ஒரு பிட்டாகச் சுருங்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை உண்மையான நஷ்டம் இதுதான். காது வலிக்கிறது, இனிமை இல்லை என்பதெல்லாம் அடுத்த கதை.

இது திருவண்ணாமலையில் நடப்பது கூடுதலாக உறுத்துகிறது. 15-ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் ஊர் இது. திருப்புகழ் முழுக்கச் சந்தம். பாட்டுக்குப் பாட்டு நடை மாறும். தாளம் தெரிந்தவர்களையே விரல்விட்டு எண்ண வைக்கும். அந்த மலையைச் சுற்றும் பாதையில், எந்த நாளும் மாறாத ஒரே தாளத்தை ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, அப்போ மெஷின் வில்லனா? அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கோவில் குருக்களிடமே கேட்டேன்.

"சாமி, இதை யார் வாங்கி வெச்சது?"

"உபயம் சார். ஒரு பக்தர் கொடுத்தார். நான் ஒண்டி ஆளு. ஒரு கைல மணி, ஒரு கைல தீபம். மேளத்துக்கு மூணாவது கை எங்கேர்ந்து வரும்?"

என்னிடம் பதில் இல்லை. கதவைத் திறப்பது, அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுப்பது, நைவேத்தியம் செய்வது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் ஒருவரே. மெஷின் வந்து அங்கே யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அது வரும்போதே அந்த இடம் காலி. நெல் நின்றது முதலில், மேளக்காரர் போனது அடுத்து, மெஷின் வந்தது கடைசியில். நாம் கடைசியில் வந்ததைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நாகஸ்வரக் குழுவுக்குள்ளேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. முன்பு சுருதிக்காக ஒத்து ஊத ஒருவர் கூடவே நிற்பார். டி. என். ராஜரத்தினம் பிள்ளை ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். அப்புறம் மற்றவர்களிடம் சுருதிப்பெட்டி வந்தது. 1979-ல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். ஆளே தேவையில்லாமல் போயிற்று. இசைக்குச் சுருதி சுத்தமாகக் கிடைத்தது. ஒத்துக்காரர் என்கிற ஒரு சம்பளம் மேடையிலிருந்து இறங்கியது. வித்வான்கள் யாரும் இதைக் குறை சொல்வதில்லை, ஏனென்றால் சுருதி மாறாமல் நிற்கவேண்டிய விஷயம். இயந்திரம் அதை நன்றாகவே செய்யும். தாளமும் நடையும் சூழலுக்கேற்ப மாறவேண்டிய விஷயங்கள். அங்கேதான் தண்டும் கேமும் தோற்கின்றன.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. தானே வாசிக்கும் பியானோவும் கிராமபோனும் பரவியபோது, இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா 1906-ல் இயந்திர இசையின் ஆபத்து பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1909-ல் சட்டம் வந்தது: பியானோச் சுருள் ஒவ்வொன்றுக்கும் இசையமைப்பாளருக்கு 2 சென்ட். பாட்டை எழுதியவருக்குப் பங்கு கிடைத்தது. வாசித்தே பிழைத்தவருக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. தஞ்சைக் கல்வெட்டு நேர்மாறாக, வாசிப்பவரின் கையில் நெல்லை அளந்தது.

திருவண்ணாமலைப் பெரிய கோவிலில் நாகஸ்வரமும் தவிலும் இன்றைக்கும் கேட்கின்றன. ஊரில் அரசு மாவட்ட இசைப்பள்ளி இருக்கிறது. மூணு வருஷப் படிப்பு, தவிலும் நாகஸ்வரமும் பாடங்கள். படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்குக் கல்யாண சீசன் போக மீதி மாதங்களில் எங்கே வேலை என்பதுதான் கேள்வி. மெஷினுக்கு உபயம் செய்ய ஆள் கிடைக்கிறார். அதில் அவர் பெயரும் இருக்கும். ஒரு தவில்காரருக்கு வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை உபயமாக ஏற்றுக்கொண்டால் பெயர் எழுத இடம் இருக்காது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தெருக்கோடி வீடு வரைக்கும் சேதி போகும்.

3 குறுணி இன்றைக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.