எசுபெலெட் மிளகாய்

எசுபெலெட் மிளகாய் என்பது பிரான்சின் தென்மேற்கில், எசுப்பானிய எல்லையை ஒட்டிய பாசுக்கு நாட்டுப் பகுதியில் விளையும் சிவப்பு மிளகாய் ஆகும். எசுபெலெட் என்னும் சிற்றூரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பயிரிடப்படும் வகையின் பெயர் 'கொர்ரியா'. பாசுக்கு மொழியில் இதற்குச் சிவப்பு என்பது பொருள்.

வரலாறு

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. பாசுக்கு நாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. தொடக்கத்தில் மருந்தாகவும் இறைச்சியைக் கெடாமல் வைப்பதற்கும் பயன்பட்டது. அக்காலத்தில் மிளகு ஆசியாவிலிருந்து கடல் கடந்து வரவேண்டிய விலையுயர்ந்த பொருள். மிளகாயோ வீட்டுத் தோட்டத்திலேயே காய்த்தது. எனவே உழவர் குடும்பங்களின் சமையலில் மிளகின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

இந்த மாற்றம் மொழியிலும் பதிந்துள்ளது. தமிழில் மிளகின் பெயரிலிருந்து மிளகாய் என்ற சொல் உருவானது போலவே, பாசுக்கு மொழியிலும் மிளகின் பெயரே மிளகாய்க்கு வந்தது. அங்கு மிளகாய் 'பிப்பெர்' எனப்படுகிறது. இது 'பிப்பர்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அந்த இலத்தீன் சொல்லின் மூலமோ, திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல். இன்று உண்மையான மிளகைச் சொல்ல, பாசுக்கு மக்கள் 'கறுப்பு' என்ற அடைமொழி சேர்க்க வேண்டியுள்ளது. மாற்றாக வந்த பொருள் மூலப்பொருளின் பெயரையே எடுத்துக்கொண்டது.

பெயர்ப் பாதுகாப்பு

குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்த பயிர் இது. ஆனால் சட்டப் பாதுகாப்பு இல்லாதவரை, வேறிடத்தில் விளைந்த மிளகாயும் இதே பெயரில் விற்கப்படும் வாய்ப்பு இருந்தது. உழவர்கள் ஒன்றுகூடி முயன்றதன் பயனாக, 2000ஆம் ஆண்டில் பிரான்சின் தோற்றப் பெயர்க் கட்டுப்பாட்டுத் தகுதி கிடைத்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் சேர்ந்தது. இதன்படி, எசுபெலெட் உள்ளிட்ட 10 ஊர்ப் பகுதிகளில் விளைந்து, வகுக்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டதே இப்பெயரைப் பெறலாம்.

அறுவடையும் பதப்படுத்தலும்

பழுத்த மிளகாய்கள் கோடையின் இறுதியிலிருந்து கையால் பறிக்கப்படுகின்றன. பொடிக்கானவை குறைந்தது 15 நாட்கள் வைத்து முதிரவிடப்பட்டு, பின்னர் சூட்டடுப்பில் உலர்த்தி அரைக்கப்படுகின்றன. மிளகாய்களைக் கயிற்றில் மாலையாகக் கோத்து வீட்டு முகப்பில் தொங்கவிடுவது ஊரின் அடையாளம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதக் கடைசி வார இறுதியில் மிளகாய்த் திருவிழா நடைபெறுகிறது.

சமையல் பயன்பாடு

இதன் காரம் அதிகபட்சம் சுமார் 4,000 இசுகோவில் அலகுகள். 30,000 முதல் 50,000 வரை செல்லும் கயேன் மிளகாயுடன் ஒப்பிட்டால் இது மென்காரமே. நாவைச் சுடுவதைவிட மணமும் இலேசான இனிப்பும் தருவதே இதன் சிறப்பு. வெங்காயம், தக்காளி, பச்சைக் குடமிளகாய் ஆகியவற்றை வதக்கிச் செய்யும் 'பிப்பெராத்', கொத்திய கன்றிறைச்சியில் செய்யும் 'அச்சோவா' ஆகிய உணவுகளில் இது சேர்க்கப்படுகிறது. பயோன் பன்றித்தொடை இறைச்சியின் மேலும் இப்பொடியைத் தடவுவதுண்டு. பாசுக்கு வீடுகளின் உணவு மேசையில், உப்புக்கு அருகே மிளகுத்தூள் இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சிவப்புப் பொடியை இன்றும் காணலாம்.