விருந்தினர் வாயில்: இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் வெளியூர் நுழைவுச்சீட்டு

1883 ஆம் ஆண்டு இலண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்தில் நடைபெற்ற எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், லங்காஷயர் மாநிலத்துத் தொழிலாளர் அணியான பிளாக்பேர்ண் ஒலிம்பிக், உயர்குடியினரின் பழைய ஈற்றன் மாணவர் அணியை 2–1 என்ற கணக்கில் வென்றது. அக்காலந்தொட்டு வடபுலத்து அணிகளைப் பின்தொடர்ந்து ஆலைத் தொழிலாளரும் புகையிரதமேறி வெளியூர் செல்லலாயினர். சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வும் மலிவான சுற்றுலாப் புகையிரதங்களும் இன்றேல் இவ்வழக்கம் தோன்றியிராது. அன்று அவர்களுக்கெனத் தனியிடம் எதுவும் வகுக்கப்படவில்லை. வாயிலிற் காசு கொடுத்தவர் உட்சென்று, உள்ளூராரின் அருகிலேயே நின்றனர்.

ஒதுக்கீடு என்பது பிற்காலத்து ஏற்பாடு. இடம் போதாமையும் வருபவர்மீது கொண்ட ஐயமும் அதனைத் தோற்றுவித்தன. இடம் போதாமையை 1923 ஏப்ரல் 28 ஆம் திகதி வெம்பிளி மைதானம் உலகறியக் காட்டிற்று. போல்ற்றன், வெஸ்ற் ஹாம் அணிகள் மோதிய அன்றைய இறுதியாட்டத்திற்கு முன்விற்பனைச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை. உத்தியோகபூர்வக் கணக்கு 126,047 எனினும், வந்தோர் தொகை இரண்டு இலட்சத்தையும் கடந்ததென்பர். ஆடுகளத்தை மூடி நின்ற கூட்டத்தைக் குதிரைப் பொலிசார் விலக்கிய பின்னரே ஆட்டம் ஆரம்பமாயிற்று. அதன்பின் இறுதியாட்டத்தை முன்கூட்டிச் சீட்டுப் பெற்றோரே காண முடிந்தது. யாருக்கு எத்தனை சீட்டு என்ற வழக்கும் அன்றே பிறந்தது.

சாதாரண லீக் ஆட்டங்களின் நிலை வேறு. அங்கு பணத்தின் பங்கை நோக்குதல் வேண்டும். 1919 முதல் தேறிய நுழைவு வருமானத்தில் ஐந்திலொரு பங்கு வெளியூர் அணிக்கு உரியதாயிருந்தது. தன் ஆதரவாளர் திரண்டு சென்றால் வெளியூர்க் கழகத்துக்கும் ஆதாயம் உண்டு. 1983 இல் பெரிய கழகங்களின் அழுத்தத்தால் இப்பங்கீடு ஒழிந்தது. வருமானம் முழுவதும் உள்ளூர்க் கழகத்துக்கே உரியதாயிற்று. அதன்பின் வெளியூரார் எத்தனை பேர் வரலாம் என்ற வினாவில் அவர்களின் கழகத்துக்கு நேரடிப் பொருள்நலம் இல்லாது போயிற்று. கணக்கராற் பேசப்பட்ட விடயம் பொலிசாராற் பேசப்படலாயிற்று என்று கூறின் மிகையாகாது.

அதற்கு முன்னரே ஐயம் வேரூன்றியிருந்தது. அறுபதுகளின் இறுதியிலிருந்து மைதானச் சண்டைகள் பெருக, வெளியூராரைத் தனிப்புறத்தில் நிறுத்தி இரும்பு வேலியிட்டனர். 1985 மார்ச்சில் லூற்றன் மைதானத்தில் மில்வோல் ஆதரவாளர் கலகம் விளைத்தபின், லூற்றன் கழகம் 1986 முதல் நான்கு பருவங்கள் வெளியூராரை அறவே விலக்கியது. அதனால் அக்கழகம் 1986–87 இன் லீக் கிண்ணப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அன்றைய அரசாங்கம் அம்முறையை நாடெங்கும் பரப்பவேண்டிய முன்மாதிரியெனக் கருதிற்று.

ஒதுக்கீடு உயிர்களோடு தொடர்புடையதென்பதை நிறுவியது ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15 ஆம் திகதி எப்.ஏ. கிண்ண அரையிறுதியில் லிவர்பூலும் நொட்டிங்ஹாம் பொறெஸ்ற்றும் அங்கு மோதின. லிவர்பூலின் ஆதரவாளர் கூட்டமே பெரிது. எனினும் அதற்கு 24,256 சீட்டுகளும் பொறெஸ்ற்றுக்கு 29,800 சீட்டுகளும் வழங்கப்பட்டன. லிவர்பூலார் வடக்கிலிருந்தும் பொறெஸ்ற்றார் தெற்கிலிருந்தும் வருவர். இருசாராரின் வழிகளும் குறுக்கிடலாகாது என்பதே பொலிசார் கூறிய காரணம். முந்திய ஆண்டிலும் இதே அணிகள், இதே பங்கீடு. லிவர்பூல் கழகத்தின் ஆட்சேபம் பயன்தரவில்லை. 1981 அரையிறுதியில் லெப்பிங்ஸ் லேன் முனையில் நெருக்குண்டு 38 பேர் காயமுற்றமையும் பாடமாகவில்லை.

சீட்டின் தொகையைவிட வாயிலின் தொகையே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பொறெஸ்ற்றாருக்கு 60 சுழல்வாயில்கள் இருந்தன. லிவர்பூலார் அனைவருக்கும் லெப்பிங்ஸ் லேன் பக்கத்து 23 மட்டுமே. அங்கு நின்று பார்க்கும் பகுதிக்கான 10,100 சீட்டுகளுக்கு உரிய வாயில்களோ ஏழு. வாயிலொன்றுக்கு 1,400 பேருக்கு மேல். வெளியில் நெருக்கம் மிகவே பொலிசார் வெளியேறும் வாயிலொன்றைத் திறந்தனர். உட்புகுந்தோர் ஏற்கெனவே நிறைந்திருந்த நடுக்கூண்டுகளுக்குச் சென்றனர். 97 பேர் மாண்டனர். சீட்டின்றி வந்தோரே காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. ஆயின், உட்சென்றோர் தொகை வழங்கிய சீட்டுகளின் தொகையைக் குறிப்பிடத்தக்க அளவு மீறவில்லையென நீதியரசர் ரெய்லரின் விசாரணை அவ்வாண்டே கண்டது. ஆதரவாளர் மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்ற மரண விசாரணை யூரிமாரின் தீர்ப்புக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரெய்லர் அறிக்கையின்பின் வேலிகள் அகன்றன. உயர்மட்ட மைதானங்கள் முழுவதும் இருக்கைமயமாயின. இடம் சுருங்கிற்று, விலை ஏறிற்று. இப்போது வெளியூரார்க்கு விதிப்படியான உரிமை உண்டு: பிரிமியர் லீக்கில் 3,000 சீட்டுகள், சிறிய மைதானமாயின் கொள்ளளவில் 10 வீதம், எப்.ஏ. கிண்ணத்தில் 15 வீதம் வரை. தொலைக்காட்சி இவ்வுரிமைக்குத் துணைநின்றது போலும். ஆரவாரமற்ற அரங்கை விற்பது எளிதன்று.

உரிமை இருந்தும் விலை தடுத்தது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்திற்குரிய 3,000 சீட்டுகளில் 912 ஐ மன்செஸ்டர் சிற்றி திருப்பியனுப்பியது. சீட்டின் விலை 62 பவுண். ஆதரவாளர் சங்கங்களின் நெடிய போராட்டத்தின்பின், 2016–17 பருவத்திலிருந்து பிரிமியர் லீக்கின் வெளியூர்ச் சீட்டு 30 பவுணுக்கு மேற்படலாகாது என வரையறை வந்தது.

கழகத்தின் கைக்கு வந்த சீட்டுகள் பெரும்பாலும் புள்ளிமுறைப்படி பகிரப்படுகின்றன. முன்னர் அதிக ஆட்டங்களுக்குச் சென்றவருக்கே முன்னுரிமை. தூர நகருக்கு மழையிலும் பனியிலும் சென்றவரை மதிக்கும் முறையெனினும், புதியவர் முதற்புள்ளியைப் பெறச் சீட்டு வேண்டும். சீட்டுக்கோ புள்ளி வேண்டும். போகாதவர் புள்ளியைக் காப்பதற்காகச் சீட்டை வாங்கிப் பிறரிடம் கையளிப்பதும் உண்டு. சில கழகங்கள் ஒரு சிறு பகுதியைக் குலுக்கலுக்கும் இளையோர்க்குமென ஒதுக்கி வைத்துள்ளன.